கோட்டுக்கு மேலே இரண்டு புள்ளிகள்

என் மூளைக்கு என்னைவிடப் பதினொரு வயது அதிகம் என்று ஒரு கணினி சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த எண்ணை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அதோடு வழக்காடவும் போவதில்லை. ஆனால் அதே கணினி ஒரு பெண்ணின் மூளைக்கு அவளைவிட ஏழு வயது அதிகம் என்று சொன்னபோது நான் உடனே நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஒரு டீக்கடையில் வைத்து நாலு பேர் காதுபட அதைச் சொல்லவும் செய்தேன். அதனால் அவளுடைய அடுப்படி அவள் கையைவிட்டுப் போகப் பார்த்தது. என் தரப்பில் சொல்ல ஏதாவது நியாயம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் மனநல மருத்துவன். அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்தது கொல்லிமலை அடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம். ஓய்வுக்குப் பிறகு அடிவாரத்து வெயில் ஒத்துக்கொள்ளாமல் மலைமேல் செம்மேட்டுக்கு அருகே ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலையில் இருந்த காலத்திலும் மாதம் ஒரு தடவை முகாமுக்காக மலையேறுவேன். அதனால் இங்கே பாதிப் பேர் என் பழைய நோயாளிகள். மீதிப் பேர் அவர்களுடைய சொந்தக்காரர்கள்.

அவளும் முகாமுக்கு வந்தவள்தான். பலாப்பழ லோடு ஏற்றிப் போன லாரி மலைப்பாதை வளைவில் கவிழ்ந்து புருஷன் இறந்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை. கோயில் கோயிலாகக் கூட்டிப்போய் அலுத்தபின் தம்பிக்காரன் என்னிடம் கொண்டுவந்து உட்கார வைத்தான். கடுமையான மனச்சோர்வு. மாத்திரை பிடிக்கப் பல மாதங்கள் ஆயின. ஒரு முகாமில், வரிசையில் நிற்காமல் உள்ளே நுழைந்த ஒருவரை அவள் வாய்க்கு வந்தபடி திட்டுவது என் அறைக்குள் கேட்டது. பிழைத்துக்கொண்டாள் என்று அன்றைக்குத் தெரிந்தது. பிறகு பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை கிடைத்தது. ஒரே ஒரு மாத்திரையோடு பல வருடம் அந்த அடுப்படியை ஆண்டாள். ஆண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர்கூட அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்.

முதன்முதலில் அவளிடம் வயது கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேசத் தொடங்கியிருந்த நேரம். "எந்த வயசுங்க? கார்டு வயசா, நெச வயசா?" என்று கேட்டாள்.

மலையில் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. அந்தக் காலத்தில் இங்கே பிள்ளைகள் ஆடு மேய்த்து, தம்பி தங்கையை இடுப்பில் சுமந்து, அதெல்லாம் முடிந்தபின் பள்ளிக்கூடம் வருவார்கள். எட்டு முதல் பதினொரு வயதுவரை ஆன பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கும்போது, தலையைச் சுற்றிக் கை போட்டு மறு காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். காதைத் தாண்டிக் கன்னம்வரை கை போனாலும் ஐந்து முடிந்தது என்றே எழுதுவார். பின்னால் அரசாங்க வேலைக்கு வயது தாண்டிவிடக் கூடாது என்ற கருணை. பள்ளிக்கூடமே போகாதவர்கள் கதை தலைகீழ். முதியோர் பென்ஷன் சீக்கிரம் வர வேண்டும் என்று நாலைந்து வயதைக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. கார்டு வயது ஆபீசுக்குப் போட்டுப் போகும் சட்டை. வீட்டுக்கு வந்தால் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம்.

எனக்கும் அப்படி ஒரு சட்டை உண்டு. நானும் மூன்று வருடம் தாமதமாகப் பள்ளிக்குப் போனவன். மூன்று வயதை ஆசிரியர் குறைத்துப் போட்டார். அதன் பலனாக, வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய காலத்துக்கு மேலும் மூன்று வருடம் அரசு வேலையில் இருந்தேன். இன்னொருவருக்குப் போக வேண்டிய நாற்காலி அது. அன்றைக்கு அவளிடம் சிரித்துக்கொண்டே, "எனக்கும் ரெண்டு இருக்குது அம்மிணி, நெசத்தச் சொல்லுங்க" என்றேன். சொன்னாள். கார்டைவிட ஆறு வயது கூட. அந்த நிஜ வயதைப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவைத் தீர்மானித்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்று மலைக்கு வந்து சில வருடம் கழித்து, ஒரு பெருநகரத்திலிருந்து ஆய்வுக் குழு ஒன்று என்னைத் தேடி வந்தது. அவர்கள் செய்கிற வேலை இதுதான். நல்ல உடல்நிலையில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் மூளைப் படங்களை, அவரவர் வயதோடு சேர்த்துக் கணினிக்குக் காட்டுவார்கள். வயது ஏற ஏற மூளையின் மேற்பட்டை மெலியும். நடுவில் நீர் நிற்கும் அறைகள் அகலும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கணினி இவற்றைப் பழகிக்கொள்ளும். பிறகு வயதைச் சொல்லாமல் ஒரு புதுப் படத்தைக் காட்டினால், இது இத்தனை வயது மூளை என்று ஊகிக்கும். அந்த ஊகத்திலிருந்து ஆளின் வயதைக் கழித்தால் ஒரு எண் வரும். நீண்ட நாள் மனநோய் உள்ளவர்களைக் கூட்டமாக வைத்துப் பார்த்தால் அந்த எண் கொஞ்சம் மேலே நிற்கிறது என்கிறார்கள். ஏன் என்று தெரிந்தால் வைத்தியத்துக்கு உதவும். நல்ல கேள்வி. இன்றைக்கும் அதை நல்ல கேள்வி என்றே சொல்வேன்.

ஆனால் கூட்டமாக என்று ஒரு சொல் அதில் இருக்கிறது. நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

மலையிலிருந்து ஆள் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. நோயிலிருந்து மீண்டவர்கள் சிலர், ஒப்பிட்டுப் பார்க்க மனநோயே இல்லாதவர்கள் சிலர். வேன் வைத்துச் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். இறங்கும்போது வளைவுக்கு வளைவு வாந்தி. ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. அவள் மூக்குத்தி சின்ன வயதில் குத்தியது, சதையோடு இறுகிக் கிடந்தது. சோப்புத் தண்ணீர் வைத்து நர்ஸ் வெகுநேரம் பாடுபட்டாள். "புருசன் செத்தப்பவே இதக் கழட்டச் சொன்னாங்க, கழட்டலீங்க. உங்க மெசினுக்காகக் கழட்டறேன், பத்தரமா வெச்சிருங்க" என்று சொல்லி நர்ஸ் கையில் கொடுத்தாள். உள்ளே போக எல்லோரும் தயங்கியதால் முதலில் நான் போய்ப் படுத்தேன். பயத்தைப் போக்க ஒரு ஆள், ஒப்பீட்டுக்கும் ஒரு ஆள்.

வயது என்ற இடத்தில் எதை எழுதுவது? ஆதாரில் உள்ளதை எழுது என்பது குழுவின் விதி. எல்லோருக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். என்னுடையதையும்தான்.

முடிவுகள் வந்த நாளில் நான் அடிவாரத்தில், காரவள்ளியில், மேலே போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். அங்கே ஒரு பாயின் டீக்கடை உண்டு. மலையேறுகிறவர்கள் எல்லாம் அங்கே நின்றுதான் ஏறுவார்கள். என் போனில் குழுவினர் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். குறுக்கே ஒரு சாய்வுக் கோடு, சுற்றிலும் புள்ளிகள். கோட்டில் உட்கார்ந்திருக்கும் புள்ளி, வயதும் மூளையும் ஒத்துப்போகிற ஆள். கோட்டுக்கு உயரே நின்றால் மூளை மூத்தது. கீழே நின்றால் இளையது. எந்தப் புள்ளி யாருடையது என்று ஆள் சேர்த்த எனக்கு மட்டும் தெரியும். நோயாளிகளின் புள்ளிகள் உயரே, ஒன்றைத் தவிர மற்றவர்களின் புள்ளிகள் கீழே. அழகாகப் பிரிந்திருந்தன. பாடப்புத்தகத்தில் போடலாம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி வந்தான். மிளகு மூட்டையைச் சந்தைக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிறவன். கூட மலைக்காரர்கள் இரண்டு மூன்று பேர். அக்காளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டான். ஒருவருடைய முடிவை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது என் தொழிலின் முதல் பாடம். முப்பது வருடம் நானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி அவனிடம் நீட்டினேன்.

"இதா, இதுதான் உங்க அக்கா. ஏழு வயசு கூட."

"கூடன்னா நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"மூளை சீக்கிரமா மூப்பாகுது."

பக்கத்தில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். தம்பி விரலை மேலே கொண்டுபோனான். "அதா, அந்த மூலையில ஒத்தையில நிக்குதே, அது யாருதுங்க?"

அது என்னுடையது. பதினொன்று. "யாரோ ஒரு வயசானவரு" என்றேன்.

பாய் டம்ளரை நீட்டிக்கொண்டே, "பாவம், அந்த ஆளு ஊடு போய்ச் சேந்தாரோ என்னமோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் பதினொன்றை நினைத்துப் பார்த்தேன். முதல் வளைவிலேயே பதில் கிடைத்துவிட்டது. என் கார்டில் மூன்று வயது குறைவு, ஆகவே பதினொன்று இல்லை, எட்டு. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பழைய சினேகிதர்கள், அவர்களுக்குக் கொஞ்சம் கழிக்கலாம். தனி ஒரு ஆளுக்குக் கணினியின் ஊகம் சில வயது முன்னே பின்னே போவது சகஜம், அதற்கும் கொஞ்சம். இரண்டாவது வளைவு திரும்பும்போது என் மூளை இளமையாகிவிட்டது. மலைப்பாதையில் எழுபது வளைவுகள். மிச்சமிருந்த அத்தனை வளைவுகளிலும் அவளுடைய கார்டு ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. மறந்துபோனேன் என்று சொல்ல மாட்டேன். என் எண்ணுக்குக் காரணம் தேடினேன், அவள் எண்ணுக்குத் தேடவில்லை. அவள் நோயாளி. நோயாளியின் எண் சரியாகத்தான் இருக்கும் என்று என் படிப்பு எனக்குச் சொல்லியிருந்தது.

நான் மேலே போய்ச் சேர்வதற்குள் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. ஏழு வயது மூப்பு என்பது ஒரு வாரத்தில் மூளை கெழடு தட்டிவிட்டது என்று ஆயிற்று. இன்னொரு வாரத்தில் மூளை கரைகிறது என்று ஆயிற்று. அதுவரை யாரும் கவனிக்காதவை எல்லாம் சாட்சிக்கு வந்தன. ஒரு நாள் சாம்பார் சாதத்தில் உப்பில்லையாம். பத்து வருடத்தில் எத்தனையோ நாள் உப்பில்லாமல் இருந்திருக்கும், அப்போதெல்லாம் அது உப்பில்லாத சாதம் மட்டுமே. ஒரு பிள்ளையைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டாளாம். நாளைக்கு உப்பென்று நினைத்து வேறு எதையாவது போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோர் பேசிக்கொண்டார்கள். அவள் பாயில் கிடந்த பழைய கதையும் தூசு தட்டி எடுக்கப்பட்டது. பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டுவரத் தொடங்கினார்கள். 

ஒரு சாயங்காலம் அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். பள்ளியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கைவிரல்களில் மஞ்சள் கறை காயவில்லை.

"ஏனுங்க டாக்டரே, என்ற மூளைய எடுத்துக் கையில வெச்சுப் பாத்தீங்களா?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பாதிப் பிள்ளைகள் டப்பா கொண்டுவருவதையும், கொஞ்ச நாள் லீவு போடு என்று சத்துணவு அமைப்பாளர் சொல்வதையும், வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் வைத்திருப்பதையும் நின்றபடியே சொன்னாள். லீவு போட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் ஆய்வு, கூட்டம், சராசரி என்று ஏதோ சொல்லப் போனேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது என் தலையில் இடித்தது. ஏழு. அவள் கார்டில் குறைத்தது ஆறு.

"அம்மிணி, உங்க கார்டு வயசு..." என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் போதாது. "இப்பத்தான் நெனப்பு வந்துதுங்களா?" என்றாள்.

அவளுடைய மூளையில் எந்தக் குறையும் இல்லை. அவள் நிஜ வயதுக்கு அது மிகச் சரியாக இருந்தது. ஒரு வயது முன்னே பின்னே, கணினி ஊகித்ததும் அதைத்தான். தப்பு, கழிப்பதற்கு நான் கொடுத்த எண். எனக்கு ஒரே பரபரப்பு. வெள்ளிக்கிழமை வந்து இதைச் சொல்கிறேன், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றேன்.

"சொல்லுங்க. நெச வயசச் சொன்னீங்கன்னா எனக்கு வேலையே முடிஞ்சு போச்சுங்க. எப்பவோ ஓய்வு. மூளை கெட்டவன்னு அனுப்பறதுக்குப் பதிலா, பொய் சொன்னவன்னு அனுப்புவாங்க. அவ்வளவுதான வித்தியாசம்?"

"அப்ப நான் என்னதான் சொல்றது?"

"அது உங்க பாடுங்க. வாயத் தொறந்தது நீங்க. என்ற கார்டத் தொடாமச் சொல்லுங்க."

வாசலைத் தாண்டியவள் திரும்பினாள். "லீவு நான் போட மாட்டனுங்க. ஒத்தப் புள்ள தின்னாலும் ஒல வெப்பேன்."

மறுநாள் குழுத் தலைவருக்குப் போன் போட்டேன். என்னைவிட இளையவர், மரியாதையானவர். தனி ஆளின் முடிவை நான் வெளியே சொன்னது தவறு என்றார். அவர் சொன்னது சரி. கூட்டத்துக்குப் போகாதீர்கள், ஆய்வின் பெயர் அடிபடும் என்றார். யார் பெயரையும் சொல்லாமல், மலையில் எல்லோருடைய கார்டு வயதும் தப்பு என்றேன். பெரிய கூட்டத்தில் இந்த மாதிரிப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமமாகிவிடும் என்றார். தராசுத் தட்டு இரண்டு பக்கமும் ஆடினால் சமமாகும். ஒரே பக்கம் கல்லைக் கட்டினால் எப்படிச் சமமாகும்? நான் சேர்த்த நோயாளிகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போனவர்கள், வயதைக் குறைத்தவர்கள். ஒப்பீட்டுக்குச் சேர்த்தவர்களில் பலர் பென்ஷன் வாங்கும் கிழவர்கள், வயதைக் கூட்டியவர்கள். அந்தப் படத்தில் புள்ளிகள் அத்தனை அழகாகப் பிரிந்து நின்றதற்கு நோய் எவ்வளவு காரணம், கார்டு எவ்வளவு காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொன்னபோது குறித்துக்கொள்கிறேன் என்றார். பிறகு, எப்படியிருந்தாலும் கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்றார்.

போவேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஆனால் போய் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கார்டைத் தொடாமல் அவளை எப்படி மீட்பது? மூளை வயது என்பதே வெறும் பித்தலாட்டம் என்று சொல்லிவிடலாம். ஊர் நம்பும். அது பொய். ஒரு பொய்யால் வந்ததை இன்னொரு பொய்யால் மூடினால் நான் எதற்குப் படித்தேன்? இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தபோதெல்லாம், அந்த மூலையில் ஒற்றையாக நின்ற புள்ளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க எத்தனை யோசனைகள் செய்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. கடைசியில் வேறு வழி இல்லாமல்தான் அதை எடுத்தேன். வீரத்தால் இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியின் பெரிய வகுப்பறையில் கூட்டம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டிலிருந்து அப்படியே வந்தவர்கள், மண்ணோடு காலை மடக்கித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துச் சமையல் கூடத்திலிருந்து தாளிக்கும் வாசனை வந்தது. அவள் கூட்டத்துக்கு வரவில்லை, சமைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்காரன் பின்னால் சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்திருந்தான். தான் கேட்டு நான் காட்டிய படம் இப்படி ஆயிற்றே என்ற வேதனை அவனுக்கு.

எழுந்து நின்று சொன்னேன். அதே மெசினில் என்னையும் படம் எடுத்தார்கள். அவளுக்கு ஏழு வயது கூட என்று வந்தது, எனக்குப் பதினொன்று கூட என்று வந்தது.

தம்பி நிமிர்ந்தான். "அந்த ஒத்தப் புள்ளிங்களா?"

"ஆமா. அது நாந்தான். அன்னைக்கு உங்கிட்டப் பொய் சொன்னேன்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப இத்தன வருசமா நாங்க கெழட்டு மூளக்காரருகிட்டத்தான் மாத்திர வாங்கித் தின்னமுங்களா?"

"ஆமாங்க. தின்னு யாராவது செத்தீங்களா?"

"செத்திருந்தா இங்க வந்து கேக்க மாட்டமுல்லங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு இளந்தாய் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து கேட்டாள். "அந்த அக்காளுத டீக்கடையில வெச்சுச் சொன்னீங்க. உங்களுத மட்டும் ஏனுங்க மறச்சீங்க?"

"வெக்கம்" என்றேன். "அவங்களுக்கும் அது இருக்கும்னு எனக்குத் தோணல."

அவள் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியானால் மெசின் பொய் சொல்கிறதா என்று இன்னொருவர் கேட்டார். பொய் சொல்லவில்லை, பெரும் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வந்ததை நான் ஒற்றை ஆளின் தலையில் கட்டினேன் என்றேன். அதற்கு மேல் நிறுத்தியிருக்க வேண்டும். பழக்கதோஷம், மேலும் ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது. "அதுவுமில்லாம, நாம என்ன வயசு குடுக்கறமோ அதத்தான் அது கணக்குல வெச்சுக்கும்."

பெரியவர் துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே பலாமரத்தைப் பார்த்தார். அந்த அறையில் இரண்டு வயது இல்லாதவர்கள் மிகக் குறைவு. யார் வாயைத் திறந்தாலும் அடுத்த கேள்வி அவருடைய கார்டைத் தொடும். ஒருவரும் திறக்கவில்லை. ஒரு ஊரே சேர்ந்து ஒருத்தியின் கார்டைக் காப்பாற்றியதை நான் அன்றைக்குப் பார்த்தேன். அவரவர் கார்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். இரண்டும் ஒன்றுதான்.

சமையல் கூடத்துக் கதவில் அவள் வந்து நின்றாள். கையில் பெரிய கரண்டி. "பேசி முடிச்சாச்சுங்களா? சோறு ஆறுது."

நான் போய்ப் பிள்ளைகளின் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் என் தட்டில் சாதத்தை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தாள். அந்த இளந்தாய் தன் மூத்த பிள்ளையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தாள். பெரியவர், வந்ததற்கு நானும் தின்றுவிட்டுப் போகிறேன் என்று எதிரில் உட்கார்ந்தார். சிலர் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். அவர்கள் டப்பா அந்த வருடம் முழுக்கத் தொடர்ந்தது. ஒரு கூட்டத்தில் எல்லோர் மனமும் மாறிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆனால் யாரும் அதற்குப் பிறகு லீவு என்ற பேச்சை எடுக்கவில்லை. அடுப்பு அவள் கையில் இருந்தது.

குழுவிடம் மலையாட்களின் எண்களை எல்லாம் எடுத்துவிடச் சொன்னேன். இழுத்தடித்தார்கள். விடாமல் எழுதினேன். என் கார்டே தப்பு என்று என் கைப்படவே எழுதிக் கொடுத்தேன். அது வேறு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து என் ஓய்வூதியத்தில் கை வைத்தால் வைக்கட்டும். மூன்று வருடம் அடுத்தவன் நாற்காலியில் உட்கார்ந்தவன் அதற்கெல்லாம் அழக் கூடாது. கடைசியில் எடுத்துவிட்டோம் என்று ஒரு வரி வந்தது. நம்பிக்கொள்கிறேன்.

என் பதினொன்றில் மூன்றுக்குக் கணக்குச் சொல்லிவிட்டேன். மீதி எட்டுக்கு நான் யாருக்கும் பதில் சொல்வதாக இல்லை. மறுபடி படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மூளை மூத்ததோ இளையதோ, டீக்கடையில் வாயைத் திறந்தது அது இல்லை, நான்.

அவள் அதற்குப் பிறகு என்னிடம் மாத்திரைக்கு வரவில்லை. மலையிறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, ராசிபுரத்தில் வேறொரு டாக்டரைப் பார்க்கிறாள். வழியில் கண்டால் நிற்பாள், பேசுவாள். உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்தத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

சென்ற வருடம் கார்டுப்படி ஓய்வு பெற்றாள். கடைசி நாள் சமையலுக்கு எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். மூக்குத்தி வெயிலில் மின்னியது.

"எழுதறதுன்னா எழுதுங்க டாக்டரே. உங்களுத முழுசா எழுதோணும். என்ற வயச மட்டும் எழுதீராதீங்க."

எழுதவில்லை.